ரூபாய்க்கு முப்பது பைசா

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் வந்தது. இரண்டு டிரம் நிரப்பினேன். அம்மா போர்வைகளை ஊறவைத்தாள்.

மில்லில் ஒரு ஷிப்டுதான் ஓடுகிறது. கடன் கொடுத்த வங்கிகள் தீர்ப்பாயத்துக்குப் போனதிலிருந்து முதலாளி வருவதில்லை. அவருடைய அறையை யாரோ தினமும் துடைத்து வைக்கிறார்கள். தொலைபேசி மட்டும் ஓயாமல் அடிக்கிறது. அதை எடுப்பது என் வேலை.

கூப்பிடுகிறவர்கள் டெபாசிட்காரர்கள். வங்கியைவிட இரண்டு சதவீதம் வட்டி கூட என்று மில்லில் பணம் போட்டவர்கள். ஓய்வு பெற்ற மேஸ்திரிகள், வாத்தியார்கள், கணவனை இழந்தவர்கள். பணம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். கேட்க வேறு யாரும் இல்லாததால் அதன் பிறகு மற்றதையும் சொல்கிறார்கள். முழங்கால், மருமகள், கிணறு.

நான்கு மணிக்குத் தண்டபாணி சார் அறையில் டீ. அவர் நிதிப் பிரிவுக்குத் தலைவர். பல்லடத்தில் அவர் போகாத கல்யாணமில்லை, சாவு இல்லை. கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்து, இன்றைக்கு யார் கூப்பிட்டார்கள் என்று கேட்பார். சொல்வேன். எனக்கு அது பிடிக்கிறது. பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவளுக்கு இந்த மில்லில் கேட்க ஒரு ஆள் இருப்பது அந்த நேரத்தில் மட்டும்தான்.


ஜூன் 5, வியாழன்

கேஸ் தீர்ந்தது. மதியம் தயிர்சாதம்.


ஜூன் 9, திங்கள்

சின்னச்சாமி என்று ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். போன வாரம் கூப்பிட்டார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் வகுப்பை அமைதிப்படுத்துகிறவர் போலத் தொண்டையைச் செருமினார். சாரிடம் அந்தச் செருமலை நடித்துக் காட்டினேன். சிரித்தார்.

"பேசாம கதை எழுதப் போயிரு மிருணா. கண்ணு முன்னாடி வந்து நிக்கறார் மனுசன்" என்றார்.

இன்று சின்னச்சாமி மறுபடி கூப்பிட்டார். செருமல் இல்லை. கோயம்புத்தூரில் ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் வீட்டுக்கே வந்தாராம். டெபாசிட்டை அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் ரூபாய்க்கு முப்பது பைசா, கையோடு. எழுதிக் கொடுத்துவிட்டார். சாமி மாதிரி வந்தார்கள் என்றார். எனக்கும் நன்றி சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.


ஜூன் 12, வியாழன்

தீர்ப்பாயம் நியமித்த நிர்வாகி சென்னையிலிருந்து வந்துவிட்டார். எஸ்தர் மேடம். ஐம்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்கடியில் கால் நீட்டி உட்கார்ந்து வேலை செய்கிறார்.

எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். மில்லை வாங்க இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். ஒன்று வடக்கேயுள்ள ஒரு பெரிய குழுமம், மற்றவர் ஈரோட்டுக்காரர். யாருக்கு என்பதைக் கடன் கொடுத்தவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். டெபாசிட்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குரல். பாதிக்குமேல் எந்தப் பக்கமோ, மொத்தமும் அந்தப் பக்கம். மில்லின் உயரதிகாரிகளோ அவர்கள் உறவினர்களோ இதில் ஓட்டுப் போடக் கூடாது. இங்கே பார்க்கிற எதையும் வெளியில் சொல்லக் கூடாது.

கையெழுத்துப் போட்டோம். சார் முதலில் போட்டார். பேனா நன்றாக எழுதுகிறதே என்று என்னிடம் நீட்டினார்.


ஜூன் 18, புதன்

ஏழாவது ஆள் எழுதிக் கொடுத்துவிட்டார். கடன் கழுத்தை நெரிக்கிறது என்றவர், பேத்திக்குக் காலேஜ் சீட்டு என்றவர், கிணறு வற்றியவர்.

எல்லோரும் நான்கு மணி டீயில் நான் சாரிடம் சொன்னவர்கள். தற்செயல் என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்.

தற்செயல்.


ஜூன் 24, செவ்வாய்

லோகாம்பாள் என்று ஒருவர் நேரிலேயே வந்தார். அறுபதை ஒட்டிய வயது. கூட அவர் கணவர் செல்லமுத்து. நம் மில்லிலேயே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அறை மாடியில். செல்லமுத்து பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கிப் போய்ப் பேசினேன்.

அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டினால் அடுத்த வாரமே ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் வரிசை. லோகாம்பாள்தான் பேசினார். செல்லமுத்து படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கம்பி நான் வெல்டிங் அடிச்சதுங்க அம்மணி. இன்னும் ஆடல பாருங்க" என்றார்.

"மூச்ச அடக்கிட்டுச் சும்மா இருங்க. பெருமைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார் லோகாம்பாள்.

தகவல் வந்தால் சொல்வதாகச் சொன்னேன். இருவரும் கேட்டைத் தாண்ட வெகுநேரம் ஆனது. ஜன்னலில் நின்று பார்த்தேன்.

நான்கு மணிக்குச் சொன்னேன். படியில் உட்கார்ந்ததையும் சொன்னேன். கைப்பிடியையும்.


ஜூலை 1, செவ்வாய்

டீ வந்தது. ஏடு படிந்திருந்தது. சார் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உங்க அம்மா பேர்ல ஒண்ணு இருக்குதல்ல?"

இருக்கிறது. இதுவரை நான் இதில் எழுதவில்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபோது வந்த தொகை முழுவதும். பெண் வேலை செய்யும் இடம் என்று அம்மா இங்கே போட்டாள்.

"யாரு வந்து கேட்டாலும் எழுதிக் கொடுத்துராத. கேட்டியா? உங்கிட்டங்கறதால சொல்றேன்."

டீயைக் குடித்தேன். ஏட்டோடு.

வீட்டில் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அந்த மனுசன் தங்கம் என்றாள்.


ஜூலை 2, புதன்

கோயம்புத்தூர் நிறுவனத்தின் ஆள் இன்று அலுவலகத்துக்கே வந்தார். எழுதி வாங்கிய டெபாசிட்டுகளைப் பெயர் மாற்றப் பதிவு செய்ய. எங்கேயோ பார்த்த முகம். அவர் போன பிறகு ஞாபகம் வந்தது. சார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவர். சாரின் மனைவிக்குத் தம்பி. வேண்டாம் வேண்டாம் என்றும் விடாமல் என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டவர்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பதிவு செய்தேன்.

மதியம் எஸ்தர் மேடத்துக்கு இரண்டு போட்டியாளர்களின் ஆவணங்களையும் நகலெடுத்துக் கொடுத்தேன். நகலெடுக்கும்போது கண்ணில் படத்தான் செய்யும். வடக்கத்திக் குழுமம் டெபாசிட்காரர்களுக்கு ரூபாய்க்கு எழுபது பைசா தருகிறது. தீர்ப்பாயத்தின் ஒப்புதல் கிடைத்து ஒரு மாதத்துக்குள். இப்போதுள்ள உயரதிகாரிகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஈரோட்டுக்காரர் தருவது கொஞ்சம் குறைவு. அதிகாரிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் சாருக்குத் தெரியும். தெரிந்துதான் மைத்துனரை முன்னால் விட்டு முப்பதுக்கு வாங்குகிறார். பாதிக்குமேல் சேர்ந்துவிட்டால் மில் யாருக்கு என்பதையும் அவரே முடிவு செய்யலாம்.

இதை எழுதும்போது கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். பசிதான் வந்தது.


ஜூலை 4, வெள்ளி

காலையில் லோகாம்பாள். அந்த ஆள் வீட்டுக்கு வந்திருக்கிறார். திங்கட்கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"படிச்ச புள்ள, நீ சொல்லு கண்ணு. எழுதிக் கொடுத்தரட்டுமா?"

அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச அனுமதியில்லை என்றேன். சரி கண்ணு என்று வைத்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு எதிரில் உள்ள பேக்கரிக்குப் போனேன். தேங்காய் பன் ஒன்று வாங்கினேன். என் சொந்த போனிலிருந்து கூப்பிட்டேன்.

எழுதிக் கொடுக்க வேண்டாம், எழுபது வரும், ஆகஸ்டு கடைசிக்குள் கிடைத்துவிடும், அதுவரை அரசு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்து மாத்திரையில் ஓட்டுங்கள் என்றேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

ஏன் அந்தச் சொல். பல்கலைக்கழகத்தில் அந்தச் சொல்லைப் பற்றியே ஆறு மாதம் விவாதித்திருக்கிறோம். ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

பன் நன்றாக இருந்தது.


ஜூலை 5, சனி

நன்றாகத் தூங்கினேன்.


ஜூலை 8, செவ்வாய்

இன்று மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூவரும் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அனுமதியில்லை என்றேன். பேக்கரிக்குப் போகவில்லை.

லோகாம்பாளுக்கு மட்டும் ஏன். அவர் கணவர் படியில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். மற்றவர்கள் குரல்கள்.


ஜூலை 14, திங்கள்

இன்று யாரும் கூப்பிடவில்லை சார் என்றேன். சார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிஸ்கட்டை டீயில் நனைத்தார். அது பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது.

"செல்லமுத்து வீட்டுல கொடுக்க மாட்டேன்னுட்டாங்களாம்" என்றார்.

கொஞ்சம் பொறுத்தால் கூடக் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தால் யாரும் முப்பதுக்குக் கொடுக்க மாட்டார்களே என்றேன். பொதுவாகச் சொல்வதுபோல.

அவர் கோபப்படவில்லை. டம்ளருக்குள் ஸ்பூனை விட்டுப் பிஸ்கட்டைத் தேடினார்.

"பொறுக்க முடிஞ்சவன் எதுக்கு விக்கறான்? ஆவணியில கல்யாணத்த வெச்சுக்கிட்டு அந்த வாத்தியார் எங்க போவாரு? கந்துவட்டிக்காரங்கிட்ட. பணம் நாளைக்கு வருமா, வருசம் போகுமா, அந்தப் பயத்த நான் வாங்கிக்கறேன். அதுக்குத்தான் அந்த நாப்பது பைசா. நாளைக்கு இந்தத் திட்டம் ஊத்திக்கிச்சுன்னா எனக்கு யாரு கொடுப்பா?"

இதற்குப் பதில் இருக்கிறது. உங்களுக்குப் பயமில்லை, ஏனென்றால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து குளித்த பிறகுதான் அது தோன்றியது. அங்கே எனக்கு அவர் சொன்னது சரி என்றே பட்டது. பாதி சரி. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் தெரியவில்லை.


ஜூலை 23, புதன்

ஓட்டெடுப்பு முடிந்தது. வடக்கத்திக் குழுமத்துக்கு. டெபாசிட்காரர்களின் குரல் மொத்தமும் அந்தப் பக்கம் விழுந்தது. அது விழாவிட்டால் தோற்றிருக்கும் என்று எஸ்தர் மேடம் சொன்னார்.

அம்மா கேசரி கிளறினாள். முந்திரி அதிகம்.


ஆகஸ்டு 6, புதன்

தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்ததை எதிர்த்து ஈரோட்டுக்காரர் மேல்முறையீடு செய்துவிட்டார். தடை உத்தரவு. எவ்வளவு நாள் என்று எஸ்தர் மேடத்திடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்றார்.


ஆகஸ்டு 8, வெள்ளி

லோகாம்பாள் கூப்பிட்டார்.

"ஆகஸ்டு கடைசின்னயே கண்ணு. டிவியில என்னமோ தடைங்கறாங்க."

ஆமாம் என்றேன்.

அரசு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள், இருபத்தைந்தாம் தேதி. இரண்டு நாளாகச் செல்லமுத்துவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்குகிறார். அந்த ஆளுக்கு போன் செய்தால் எடுப்பதில்லை. முப்பது வேண்டாம், இருபத்தைந்து கொடுத்தாலும் போதும், நீ சொல்லி வாங்கச் சொல் கண்ணு என்றார்.

நான்கு மணிக்குச் சாரிடம் கேட்டேன். முதல் தடவையாக நேரடியாக. உங்கள் மைத்துனரிடம் சொல்லி லோகாம்பாளுடையதை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். மைத்துனர் என்ற சொல்லுக்கு அவர் முகத்தில் எதுவும் நடக்கவில்லை.

"ஓட்டு முடிஞ்சிருச்சு மிருணா. இப்ப வாங்கினா ஏன் வாங்கறேன்னு கேள்வி வரும்."

என் கணக்கில் இருப்பதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி முன்பணத்தில் கால்வாசிகூட வராது. அம்மாவுடையது இதே மில்லில்.


ஆகஸ்டு 9, சனி

ரேஷன் கடை. பருப்பு வரவில்லை.


ஆகஸ்டு 18, திங்கள்

செல்லமுத்து இறந்துவிட்டார். காலையில்.


ஆகஸ்டு 20, புதன்

துக்கம் கேட்கப் போகிறேன், நீயும் வா என்றார் சார். காரில் போனோம். மூன்றாம் நாள். வாசலில் வாடகை நாற்காலிகள் இன்னும் இருந்தன. ஆண்கள் வெளியில், பெண்கள் உள்ளே. சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்து பாயில் உட்கார்ந்தார். லோகாம்பாளின் அண்ணனுடைய கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். செல்லமுத்து எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார், எந்த மெஷினில் நின்றார் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. நடிப்பாக எனக்குப் படவில்லை. இப்போதும் படவில்லை.

லோகாம்பாள் சுவரில் சாய்ந்திருந்தார். அழுது முடித்த முகம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாரிடம் திரும்பினார்.

"உங்க ஆளு வந்தாருங்க. கொடுக்கறதாத்தான் இருந்தோம். இந்தப் பாப்பாதான் வேண்டாம்னு சொல்லுச்சு. நிச்சயம் வரும்னு."

குறையாகச் சொல்லவில்லை. நன்றியாகவும் இல்லை. எந்த பஸ்ஸில் வந்தோம் என்று சொல்வதுபோல.

சார் தலையை மட்டும் ஆட்டினார். சிறிது நேரம் இருந்தோம். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தோம். அந்த வழக்கம் இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேன்.

திரும்பும்போது காரில் சார்தான் ஆரம்பித்தார்.

"நான் வாங்கியிருந்தா ஜூலையிலயே ஆபரேஷன் முடிஞ்சிருக்கும்" என்றார்.

"எழுபது வரும்னு உங்களுக்குத் தெரியும் சார்."

"உனக்கும் தெரியும். உங்க அம்மாவோடத விக்காம இருந்த. அந்தம்மாவுக்குச் சொன்ன. மீதி ஆளுகளுக்குச் சொன்னியா?"

அவர் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவார். லெவல் கிராசிங்கில் ரயிலுக்காக நின்றோம். சரக்கு வண்டி. வெகுநேரம் போனது. இறங்கும்போது, குடையை விட்டுட்டுப் போற என்று எடுத்துக் கொடுத்தார்.


ஆகஸ்டு 21, வியாழன்

எழுதத் தோன்றவில்லை. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கினேன்.


ஆகஸ்டு 25, திங்கள்

இன்றுதான் செல்லமுத்துவுக்கு ஆபரேஷன் தேதி.

காலையில் எஸ்தர் மேடத்தின் அறைக்குப் போனேன். மேஜைக்கடியில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். மைத்துனரைச் சொன்னேன். கிரகப்பிரவேசத்தைச் சொன்னேன். நான்கு மணி டீயைச் சொன்னேன். யார் யாருடைய கஷ்டத்தை எப்போது சொன்னேன், எத்தனை நாளில் அவர்கள் வீட்டுக்கு ஆள் போனது என்று சொன்னேன். என் அம்மாவுடையதை விற்க வேண்டாம் என்று சார் சொன்னதைச் சொன்னேன். அதன் பிறகும் ஜூலை முழுவதும் நான் பதிவு செய்துகொண்டிருந்ததைச் சொன்னேன். பேக்கரியிலிருந்து லோகாம்பாளைக் கூப்பிட்டதையும் சொன்னேன்.

நன்றாகச் சொன்னேன். யாரையும் நடித்துக் காட்டவில்லை.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"லோகாம்பாள்கிட்ட நீங்க போன்ல சொன்னதும் ரகசியத் தகவல்தான். அதையும் எழுதணுமா?"

"எழுதுங்க மேடம்."

"உங்க மேல நடவடிக்கை வரும். ஓட்டு செல்லாதுன்னு ஆனா மறுபடி முதல்லேர்ந்து. யாரும் வாங்க வரலைன்னா மெஷின எடைக்குப் போடுவாங்க. அப்ப டெபாசிட்காரங்களுக்கு எழுபதும் இல்ல, முப்பதும் இல்ல. உங்கம்மாவுக்கும்தான். யோசிச்சீங்களா?"

யோசித்தேன். யோசித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சார் செய்தது குற்றம் என்று எழுத்தில் வந்துவிட்டால் என்னுடையது கொஞ்சம் குறையும் என்று நினைத்து வந்தேனா. அப்படியும் இருக்கலாம். அதை யாரிடம் எழுதிக் கொடுப்பது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மணிக்கு டீ என் மேஜைக்கே வந்தது. ஆறிப் போகவில்லை.


ஆகஸ்டு 26, செவ்வாய்

சாரை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேஜையைக் காலி செய்ய வந்தார். பையில் அதிகம் ஒன்றுமில்லை. ஒரு டம்ளர், ஒரு சட்டை, செவ்வரளிச் செடி ஒன்று தொட்டியோடு. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும்.

"போறேன் மிருணா. அம்மாவப் பாத்துக்க."

எரிச்சலோடு சொல்லியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.


ஆகஸ்டு 27, புதன்

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எடைக்குப் போடுவதென்றால் என்ன என்று கேட்டாள். விளக்கினேன்.

"அப்ப நம்முளுதும்?"

"ஆமா."

"இருபத்தாறு வருசம் அடுப்புல வெந்தது அது."

"தெரியும்மா."

"உனக்குத் தெரியாது" என்றாள்.

மடித்த புடவையை உதறி மறுபடி மடித்தாள்.


ஆகஸ்டு 28, வியாழன்

அம்மா பேசவில்லை. சோறு போட்டாள்.


ஆகஸ்டு 30, சனி

அம்மா பேசினாள். கேஸ் புக் பண்ணச் சொன்னாள்.


செப்டம்பர் 2, செவ்வாய்

எனக்கும் வேலை இல்லை. விசாரணை முடியும்வரை.

லோகாம்பாள் வீட்டுக்குப் போனேன். இதை நான்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. நாற்காலிகள் போய்விட்டன. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு துணிப்பையைக் கொட்டி மாத்திரை அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். முழு அட்டைகள் ஒரு பக்கம், வெட்டியவை ஒரு பக்கம். நானும் உட்கார்ந்தேன். பிரித்துக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்ததால் பணம் இன்னும் தள்ளிப் போகும், வராமலும் போகலாம் என்றேன்.

அவர் ஒரு அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

"எத்தன நாளாகும்?"

"தெரியலைங்கம்மா."

"இந்தத் தடவ தெரியலைன்னாவது சொல்றயே."

பிறகு முழு அட்டைகளைப் பையில் போட்டு, பில்லையும் வைத்து என்னிடம் கொடுத்தார். வெட்டாத அட்டையைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கியது, தனக்கு முழங்காலில் வலி, அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை என்றார்.

கடைக்காரர் அட்டைகளை எண்ணினார். டாக்டர் மருந்தை மாற்றிவிட்டாரா என்று கேட்டார். இல்லை, ஆள் இறந்துவிட்டார் என்றேன். அவர் எண்ணுவதை நிறுத்தி, விட்ட இடத்தைத் தேடி, மறுபடி தொடங்கினார். பணம் கொடுத்தார். பில்லில் திருப்பியதைக் குறித்து, கீழே கையெழுத்தும் போட்டார்.

திரும்பிப் போனேன். லோகாம்பாள் காபி போட்டு வைத்திருந்தார். பணத்தைக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். குடிக்க எடுத்தேன்.

"கடைக்காரரு சீட்டு ஏதாச்சும் கொடுத்தாரா கண்ணு?"

பில்லைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணுக்கு எட்டப் பிடித்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.